சிம்சன் வழக்கும் ஊடகச் சாய்வும்

அமெரிக்கக் கால்பந்து வீரரும் நடிகருமான ஓ. ஜே. சிம்சன் மீதான இரட்டைக் கொலை வழக்கு 1995 ஜனவரி முதல் அக்டோபர் வரை லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது. நீதிபதி லான்ஸ் இட்டோ கேமராவை அனுமதித்ததால் விசாரணையை நாடே நேரலையில் பார்த்தது. ஊடகங்கள் நடுநிலை தவறின என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் அந்த நேரலையின் மீதே விழுகிறது. ஆனால், கனத்த தவறுகள் விசாரணை தொடங்கும் முன்பே நடந்துவிட்டன.

1994 ஜூனில் காவல்துறை எடுத்த சிம்சனின் ஒரே படத்தை 'டைம்', 'நியூஸ்வீக்' இதழ்கள் இரண்டும் அட்டையில் போட்டன. நியூஸ்வீக்கில் படம் உள்ளபடியே இருந்தது. டைமிலோ முகம் மேலும் கறுப்பாக்கப்பட்டு, ஓரங்களில் இருள் பூசப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே வாரத்தில் கடைக்கு வந்ததால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. கறுப்பர் என்றாலே குற்றவாளி என்ற எண்ணத்துக்குத் தீனி போட்டதாகக் கண்டனம் எழுந்தது.

இதைவிடப் பெரிய கேடு பணத்தால் வந்தது. சிம்சனுக்குக் கத்தி விற்றதாகச் சொன்ன கடைக்காரர்கள் அந்தக் கதையை 'நேஷனல் என்கொயரர்' இதழுக்கு 12,500 டாலருக்கு விற்றார்கள். கொலை நடந்த இரவில் சிம்சனின் வண்டியைப் பார்த்ததாகச் சொன்ன பெண் 'ஹார்ட் காப்பி' நிகழ்ச்சியிடம் 5,000 டாலர் வாங்கினார்; அரசுத் தரப்பு அவரை விசாரணையில் சாட்சியாகக் கொண்டுவரவே இல்லை. அவர் சொன்னது உண்மையா என்று குறுக்கு விசாரணையில் சோதிக்கும் வாய்ப்பு அத்தோடு போயிற்று. குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று விசாரணைக்கு முன் ஆராயும் கிராண்ட் ஜூரியும் செய்திகளின் தாக்கத்தால் கலைக்கப்பட்டது.

நேரலையின் பலம் காவல்துறைத் துப்பறிவாளர் மார்க் ஃபர்மன் விஷயத்தில் வெளிப்பட்டது. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லைப் பத்தாண்டுகளாகச் சொன்னதில்லை என்று அவர் சாட்சியம் அளித்தார். அவருடைய பேச்சு பதிவான, பின்னர் கிடைத்த ஒலிநாடாக்கள் அதைப் பொய்யாக்கின. எந்த நிருபரின் சுருக்கமும் இடையில் புகாமல் மக்கள் இரண்டையும் நேரடியாகக் கேட்டார்கள்; காவல்துறையின் இனவெறி பற்றிய கறுப்பின மக்களின் நெடுநாள் புகாருக்கு அது சான்றானது.

பலவீனமும் அங்கேயே இருந்தது. அந்த நாடாக்களில் இரண்டு சிறு பகுதிகளை மட்டுமே ஜூரிகள் கேட்க இட்டோ அனுமதித்தார். வெளியுலகத் தொடர்பின்றித் தங்கவைக்கப்பட்டிருந்த ஜூரிகளும், வீட்டிலிருந்து பார்த்தவர்களும் வெவ்வேறு சான்றுகளை வைத்தே முடிவெடுத்தார்கள். சிம்சன் குற்றவாளி அல்ல என்ற தீர்ப்பு வந்ததும் எழுந்த கொந்தளிப்பில் இதைப் பேசியவர்கள் சொற்பம்.

பின்னர் நடந்த உரிமையியல் வழக்கில் நீதிபதி ஹிரோஷி ஃபுஜிசாகி கேமராவுக்குத் தடை விதித்தார். 1997 பிப்ரவரியில் சிம்சனே பொறுப்பாளி என்று ஜூரி முடிவு செய்தது. உரிமையியல் வழக்கில் மெய்ப்பிக்க வேண்டிய அளவு குறைவு. ஆகவே, முடிவு மாறியதற்குக் கேமரா இல்லாததே காரணம் என்று சொல்ல இடமில்லை.