வெறுங்கையோடு திரும்புகிறவரின் கணக்கு

எதிரணியின் களத்துக்குள் பாடிச் சென்ற ரெய்டர் ஒருவரையும் தொடாமல், ஒருவரிடமும் பிடிபடாமல் தம் களத்துக்குத் திரும்பிவிடுவதைக் கபடியில் 'எம்ப்டி ரெய்டு' என்பார்கள். புள்ளி எதுவும் தராத இந்த ரெய்டின் பெயர், தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஊர்களில், அதிலும் காட்டாங்குளத்தூர், பொத்தேரி, மறைமலை நகர்ப் பக்கத்துக் கபடி ரசிகர்களிடையே, ஏறக்குறைய வசைச்சொல்லாகவே மாறிவிட்டது. மூத்தவர்களை அனுப்பிவிட்டு இளையவர்களை வைத்துத் தன்னைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அணியின் மூன்றாவது ரெய்டரைப் பற்றி இவர்கள் நடத்தும் வாதம், மின்ரயில் பெருங்களத்தூரைத் தாண்டும்போது தொடங்கி, பொத்தேரி வருவதற்குள் "சும்மா போயிட்டு வர்றதுக்கு ஒரு ஆளா, அவனைத் தூக்கணும்" என்ற தீர்ப்போடு முடிந்துவிடுகிறது. அந்த அணியின் ஏழு பேரில் கடைசியாக நீக்கப்பட வேண்டியவர் யாரோ, அவரையே முதலில் நீக்கச் சொல்லும் தீர்ப்பு அது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ரசிகர்களின் கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இதே ஆட்டம் சடுகுடு என்ற பெயரில் ஊர்த் திடல்களில் ஆடப்பட்ட நாளில், பாடிச் செல்பவரின் நேரத்தை அளந்தது அவருடைய மூச்சு. மூச்சை அடக்கி உள்ளே போனவன் எவனையாவது தொட்டுவிட்டுத்தான் வர வேண்டும், சும்மா திரும்பினால் அது கூச்சத்துக்குரியது என்ற மதிப்பீடு அங்கிருந்து வந்தது. திரைப்படங்களும் அதையே வளர்த்தன. 2004இல் வந்த 'கில்லி'யையும் 2009இல் வந்த 'வெண்ணிலா கபடிக் குழு'வையும் பார்த்து வளர்ந்த தலைமுறையின் மனத்தில் ரெய்டு என்றாலே நடுக்கோட்டை எட்டும் கைதான். இப்போதைய ஆட்டத்தில் மூச்சோடு கடிகாரமும் சேர்ந்துகொண்டது. ஒரு ரெய்டுக்கு முப்பது நொடி, அதற்குமேல் இல்லை. இருபது நிமிடம் கொண்ட இரு பாதிகளையும் முப்பது முப்பது நொடிகளாக வெட்டினால் எண்பது துண்டுகள் வரும், அதில் பாதி ஓர் அணிக்கு உரியது. ஆக நாற்பது வாய்ப்பை எப்படிச் செலவிடுவது என்பதே ஆட்டம், ஒவ்வொன்றிலும் வீரத்தைக் காட்டுவது ஆட்டம் ஆகாது.

வெறுங்கையோடு திரும்புவதும் நினைத்த மாத்திரத்தில் முடிகிற வேலை அன்று. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவில் 'பாக் லைன்' என்ற கோடு இருக்கிறது. ரெய்டர் ஒரு முறையாவது அதைக் கடந்தாக வேண்டும், கடக்காமல் திரும்பினால் பிடிபட்டதாகவே கொள்ளப்பட்டு அவர் வெளியேற்றப்படுவார். அதற்கும் ஒரு மீட்டர் அப்பால் 'போனஸ் லைன்' இருக்கிறது. எதிரே ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது, ஒரு காலை அதற்கு அப்பால் ஊன்றி மறுகாலை உயர்த்திக் காட்டினால், யாரையும் தொடாமலேயே ஒரு புள்ளி கிடைக்கும். எனவே எம்ப்டி ரெய்டு என்பது, கணுக்காலைப் பிடிக்கக் காத்திருக்கும் இரு 'கார்னர்'களுக்கும், உடலால் மோதித் தள்ளத் தயாராக நிற்கும் 'கவர்'களுக்கும் நடுவில், அவர்கள் கைக்கு எட்டும் தொலைவு வரை போய் மீண்டு வருவதாகும்.

பேசப்படும் ரெய்டரைக் கவனித்துப் பார்க்க வேண்டும், அதுவும் அவருடைய கையைப் பார்க்காமல் முன்னங்காலைப் பார்க்க வேண்டும். உள்ளே போனதும் அவர் பாக் லைனைக் கடந்து முதல் கடமையை முடித்துவிடுகிறார். பிறகு பத்து, பன்னிரண்டு நொடி ஒரே கார்னரின் முன்னால் நின்று, முன்னங்காலை நீட்டுவதும் இழுப்பதுமாக, அந்தத் தடுப்பாளரின் உடல் எடை எந்தப் பாதத்தில் நிற்கிறது என்று சோதிக்கிறார். தடுப்பாளர் பாய்வதற்கு முன்னால் எடை முன்பாதத்துக்கு வந்தாக வேண்டும், அது வரும் கணத்தில் இவர் கால் அங்கே இருப்பதில்லை. பிறகு மறுபக்கம் நகர்ந்து இதையே திரும்பச் செய்கிறார். கடைசிச் சில நொடிகளில் அவர் முகம் தம் அணியின் பெஞ்சுப் பக்கம் திரும்புகிறது. ரசிகர்கள் இதைத் தயக்கம் என்று படிக்கிறார்கள். அவர் பார்ப்பது கடிகாரத்தையும், வெளியே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும்தான்.

வெளியே உட்கார்ந்திருப்பவர்களின் எண்ணிக்கையில்தான் இந்த முடிவின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. கபடியில் சஞ்சீவனி, காமினி, அமர் என்ற வகைகள் பழங்காலந்தொட்டு உண்டு. அமரில் தொடப்பட்டவர் களத்தை விட்டுப் போவதே இல்லை. காமினியில் போனவர் தம் அணி முழுதும் வெளியேறும்வரை திரும்புவதில்லை. சஞ்சீவனியில், எதிரணியில் ஒருவர் வெளியேறினால் தம் அணியில் முதலில் வெளியேறியவர் உயிர்பெற்று உள்ளே வருகிறார். இன்று பாயில் ஆடப்படுவது சஞ்சீவனி வழி வந்தது. அமரில் ரெய்டர் பிடிபட்டால் நட்டம் ஒரு புள்ளி மட்டுமே. சஞ்சீவனியிலோ, எதிரணிக்கு ஒரு புள்ளி போகிறது, அவர்களுடைய ஆள் ஒருவர் உள்ளே வருகிறார், நம்முடைய ஆள் ஒருவர் வெளியே போகிறார். அடுத்த முப்பது நொடியில் அவர்களுடைய ரெய்டர் வரும்போது பிடிப்பதற்கு நம் பக்கம் ஒரு ஜோடிக் கை குறைந்திருக்கிறது. மேலும், போனஸ் புள்ளிக்கு யாரும் உயிர்பெறுவதில்லை என்பதால், வெளியே உட்கார்ந்திருக்கும் முதன்மை ரெய்டரை மீட்க ஒன்று தொட வேண்டும், அல்லது பிடிக்க வேண்டும்.

இங்கேதான் மூன்றாவது ரெய்டரின் வேலை விளங்கும். முதன்மை ரெய்டர் வெளியே இருக்கும் நேரத்தில் இவர் உள்ளே போகிறார். இந்த அணியின் பலம் அதன் இரு கார்னர்கள். இளையவர்கள், முரட்டுப் பிடி கொண்டவர்கள், பொறுமை மட்டும் இன்னும் கைவராதவர்கள். ஆகவே இவர் செய்ய வேண்டியது, ஆள் குறையாமல் ஆட்டத்தை அந்தக் கார்னர்களின் முறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அவர்கள் ஒரு பிடி பிடித்தால் முதன்மை ரெய்டர் எழுந்து வந்துவிடுவார், அவர் அடுத்து எடுக்கும் இரண்டு புள்ளியும் அவர் பெயரில்தான் எழுதப்படும். அந்த இரண்டு புள்ளிக்கும் வழிவிட்ட எம்ப்டி ரெய்டுக்கு அட்டவணையில் கிடைப்பது ஒரு பூஜ்யம். ரயிலில் 'ஃபார்ம்' என்று பேசப்படுவது இந்தப் பூஜ்யத்தைத்தான்.

இப்படியே திரும்பித் திரும்பி வந்துகொண்டிருக்க விதி விடாது என்பதும் உண்மை. ஓர் அணி தொடர்ந்து இரண்டு எம்ப்டி ரெய்டு போனால் மூன்றாவது 'டூ ஆர் டை', அதாவது புள்ளி எடுக்காமல் திரும்பினால் ரெய்டர் வெளியேற வேண்டிய வாழ்வா சாவா ரெய்டு. 2014இல் எட்டு அணிகளோடு தொடங்கி 2017இல் பன்னிரண்டாக விரிந்த தொழில்முறை லீக்கைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எல்லோருக்கும் இது பழக்கமானது. ஆனால் ஒன்றை அவர்கள் சேர்த்துப் பார்ப்பதில்லை. சாதாரண ரெய்டில் தடுப்பாளருக்கு இவன் வருவானா, திரும்புவானா என்ற ஐயம் இருக்கும். டூ ஆர் டையில் அந்த ஐயம் இல்லை, வந்தே தீருவான் என்று தெரிந்து அவர்கள் பின்னால் தள்ளி நின்று காத்திருக்கிறார்கள். இந்த ரெய்டுகளை அணி பெரும்பாலும் கொடுப்பது பேசப்படும் ரெய்டருக்குத்தான். ஐயத்தின் துணையோடு போகிறவருடைய வெற்றி விகிதத்தையும், அது இல்லாமல் போகிறவருடைய வெற்றி விகிதத்தையும் ஒரே தராசில் வைப்பது, பேருந்தில் வந்தவனையும் நடந்து வந்தவனையும் யார் முதலில் வந்தார்கள் என்று கேட்பது போன்றது.

அவர் அங்கும் கணக்கோடுதான் போகிறார். எதிரே ஆறு பேர் நின்றால் போனஸ் திறந்திருக்கிறது, அதுவே டூ ஆர் டையிலிருந்து காப்பாற்றப் போதுமானது. ஐந்து பேராகக் குறைந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும், தொட்டே ஆக வேண்டும். மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நின்றால் இன்னொரு ஆபத்து: அந்த நிலையில் ரெய்டரைப் பிடிப்பது 'சூப்பர் டேக்கிள்', ஒன்றுக்கு இரண்டு புள்ளி. ஆகவே எதிரே நான்கு பேர் இருக்கும்போது ஒருவரைத் தொடுவது, கூட்டம் எழுந்து ஆர்ப்பரிக்கும் செயலாக இருந்தாலும், அடுத்த ரெய்டரை அந்தப் பொறிக்குள் அனுப்பி வைக்கும் செயலுமாகும். அதற்காகத் தொடாமல் விட வேண்டும் என்பதில்லை. தொட்ட பிறகு அடுத்துப் போகிறவர் யார் என்பதையும் சேர்த்து யோசிக்கிறவர் அணியில் ஒருவராவது இருக்க வேண்டும்.

மூன்றாவது ரெய்டின் கனம் என்ன என்பதற்கு 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு ஆடவர் இறுதி ஆட்டத்தைவிட நல்ல சான்று தேவையில்லை. 1990இல் பெய்ஜிங்கில் கபடி சேர்க்கப்பட்டதிலிருந்து தொடர்ந்து ஏழு முறை தங்கம் வென்ற இந்திய ஆடவர் அணி, 2018இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரானிடம் அதை இழந்து, ஐந்து ஆண்டு கழித்து அதே ஈரானை எதிர்த்து நின்றது. கடைசி நிமிடங்களில் வந்த ஒரு டூ ஆர் டை ரெய்டில், ரெய்டர் யாரையும் தொடாமல் 'லாபி'க்குள், அதாவது யாராவது ஒருவரைத் தொட்ட பிறகே களத்தின் பகுதியாகக் கொள்ளப்படும் ஒரு மீட்டர் அகலப் பக்கவாட்டுப் பட்டைக்குள், சென்றுவிட, தடுப்பாளர்களும் அவரைத் தொடர்ந்து உள்ளே போக, யார் யார் வெளியேற வேண்டும் என்ற தகராறில் ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணிநேரம் நின்றது. தங்கம் இந்தியாவுக்கே வந்தது. அன்று எல்லோரும் விதியைப் பற்றிப் பேசினார்கள். அத்தகைய ரெய்டுக்கு முன்னால் இரண்டு ரெய்டு எப்படிச் செலவாகின்றன என்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

ரசிகர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஐந்து நிமிடம் மிச்சமிருக்க, அணி பின்தங்கியிருக்க, எதிரே ஏழு பேர் நிற்கும்போதும் அவர் அதே பொறுமையோடு திரும்பிவரும் நாள்கள் உண்டு. பத்து எம்ப்டி ரெய்டு போனால் ஐந்து நிமிடம் கரைந்துவிடும் என்ற கணக்கு முன்னிலையில் இருப்பவருக்கு வரம், பின்தங்கியவருக்குச் சாபம். அந்த நேரத்தில் அவரை உட்காரவைத்து வேறொருவரை அனுப்பலாம், மாற்று வீரர்களை இறக்க விதி இடம் தருகிறது. ஆனால் ரசிகர்கள் கேட்பது கடைசி ஐந்து நிமிடத்துக்கான மாற்றத்தை அன்று, முதல் ஏழிலிருந்தே நீக்கத்தை.

புதிதாகக் கட்டப்படும் அணியில் இந்தத் தவறு இன்னும் பெரிதாகும். இதைப் புரிந்துகொள்ள ஆஸ்திரேலியக் கால்பந்து உதவும். முட்டை வடிவத் திடலில் பதினெட்டுப் பேர் ஆடும் அந்த ஆட்டத்தில், 1986 முதல், பட்டியலில் கடைசியாக வந்த கழகத்துக்கே புதிய வீரரைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை என்ற முறை நடைமுறையில் இருக்கிறது. கீழே இருப்பவர் ஏறிவர விதியே ஏணி வைத்துக் கொடுக்கிறது. அங்கும் ரசிகர்கள் 'டிஸ்போசல்' என்ற எண்ணை, அதாவது ஒருவர் பந்தை உதைத்தோ கையால் குத்தியோ எத்தனை முறை அனுப்பினார் என்பதை, வைத்தே ஃபார்மை அளப்பார்கள். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை நிழல்போல ஒட்டி நின்று அவரைச் செயல்படாமல் செய்யும் 'டேகர்' என்பவருக்கு அந்த எண்ணில் பெருமை சேர்வதில்லை. கபடியில் அந்த ஏணியும் இல்லை. எல்லாம் ஏலம். பணம் முதன்மை ரெய்டருக்கும் பெயர்பெற்ற தடுப்பாளருக்கும் போய்விடுகிறது, இருபது வயதுக் கார்னர்களைச் சிறிய தொகையில் எடுத்துக் களத்தில் வைத்துத்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது. அவர்கள் அவசரப்பட்டுப் பாய்ந்து வெளியேறிக்கொண்டிருக்கும் பருவத்தில், ரெய்டரும் அவசரப்பட்டு வெளியேறினால் களத்தில் மூன்று பேர் மிஞ்சுவார்கள், அதற்கடுத்தது 'ஆல் அவுட்', எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி. இளம் தடுப்பைக் காப்பாற்றுவது தடுப்பாளர்களின் வேலை என்று எண்ணுவது வழக்கம். அது பாதிக்கு மேல் ரெய்டரின் வேலை.

மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும், அதைச் சுற்றி மாலையில் கபடி பழகும் இளைஞர்களும் உள்ள பகுதி இது. பாயில் காலணியோடு ஆடுவதற்கும் மண்ணில் வெறுங்காலோடு ஆடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாதத்தால் அறிந்தவர்கள் இந்த ஊர் ரசிகர்கள். அவர்களே கண்ணை மூடிக்கொண்டு பட்டியலைப் படிப்பதுதான் வேடிக்கை.

இனி நடக்கப்போவதை ஓரளவு சொல்லிவிடலாம். இன்னும் சில ஆட்டங்களுக்குள் பயிற்சியாளர் கூச்சலுக்கு இணங்கி இவரை உட்காரவைப்பார். இவர் இடத்தில் வரும் துடிப்பான இளைஞர் முதல் ஆட்டத்தில் ஐந்தாறு புள்ளி எடுப்பார், ரயில் முழுதும் அதைப் பற்றியே பேசும். மூன்றாவது ஆட்டத்துக்குள் எதிரணிக் கார்னர்கள் அவருடைய முதல் பாய்ச்சலைப் படித்துவிடுவார்கள். முதன்மை ரெய்டர் முன்னைவிட அதிக நேரம் வெளியே உட்கார்ந்திருப்பார், உடனே ஃபார்ம் போனது அவருக்குத்தான் என்று பேச்சு மாறும். இளம் கார்னர்களில் இடப்பக்கத்தவர் இந்தப் பருவத்திலேயே பெயரெடுப்பார், வலப்பக்கத்தவருக்கு இன்னும் ஓராண்டு பிடிக்கும். பருவத்தின் பிற்பாதியில் பழைய மூன்றாவது ரெய்டர் ஓசையில்லாமல் ஏழு பேருக்குள் திரும்புவார், அணி சில ஆட்டங்களை நெருக்கமாக வெல்லும், காரணம் கேட்டால் யாரும் அவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். அடுத்த ஏலத்தில், இளம் தடுப்பை வைத்துக்கொண்டு தவிக்கும் வேறோர் அணி அவரைச் சொற்ப விலைக்கு எடுத்துக்கொள்ளும். அதற்கடுத்த பருவத்தில் அவர் சென்னைக்கு ஆட வரும் நாளில், முன்னிலையில் இருக்கும் தம் புதிய அணிக்காகக் கடைசி இரண்டு நிமிடத்தில் அவர் இருமுறை வெறுங்கையோடு திரும்பும்போது, காட்டாங்குளத்தூரிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் நடுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார்கள்.