மிருதங்கத்தைச் செய்தவர் யார்?

கச்சேரி அழைப்பிதழில் மிருதங்கம் வாசிப்பவரின் பெயர் இருக்கும். அதைச் செய்தவரின் பெயர் இராது. இந்த இடைவெளியைத்தான் கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூல் பேசுகிறது. தஞ்சாவூர் செபாஸ்டியனின் வழிவந்தவர்கள் உள்ளிட்ட மிருதங்கக் கைவினைஞர்களே அதன் நாயகர்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள்.

மிருதங்கத்துக்கு மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் வேண்டும். எந்தத் தோல் எங்கே உதவும் என்பதைக் கையால் தடவியே தீர்மானிக்க வேண்டும். வலந்தலையின் நடுவில் கறுப்பாக இடும் 'சோறு' கனம் கூடினாலும் குறைந்தாலும் நாதம் கெட்டுப்போகும். சுருதி அறியாதவரால் இது முடியுமா? பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞரின் காதும் இருந்தது. ஆனாலும் ஐயருடையது வித்துவம், பர்லாந்துடையது வெறும் வேலை. பசுவைப் புனிதம் என்பவர் அதன் தோலில் விரல் வைத்து வாசிக்கலாம். அந்தத் தோலைப் பதப்படுத்துபவர் மட்டும் தீட்டானவர். நூலின் மையம் இந்த முரண்தான்.

வெளியீட்டு விழாவுக்கு இடம் தர ஒப்புக்கொண்ட சென்னை கலாக்ஷேத்திரா, கடைசி நேரத்தில் அனுமதியை விலக்கிக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது. நூல் சொல்வது பழங்கதையல்ல என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

ஒரு குறையும் உண்டு. கிருஷ்ணா கைவினைஞரிடம் போய் இருந்து கேட்டு எழுதியவர்தான். என்றாலும் செய்தவரின் கதையை இங்கும் மேடையில் இருப்பவரே சொல்கிறார், அதுவும் ஆங்கிலத்தில்.

"எங்கட மார்க்கத்தில் சாதி இல்லையே, இது எங்களுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். மார்க்கத்தில் இல்லை, உண்மை. சம்பந்தம் பேசும்போது பாவா வீடு, ஒஸ்தா வீடு என்று ஒதுங்குகிறவர்கள் இருப்பதும் உண்மை. நோன்பில் சஹருக்கு றபான் தட்டி எழுப்பின பாவாமாரை நினைத்துப் பாருங்க. பெருநாள் காசு கொடுத்தோம். கலைஞர் என்று சபையில் ஒரு கதிரை கொடுத்தோமா? அவர்கள் பாடினதை நாட்டார் இலக்கியம் என்று கொண்டாடுகிற நாங்கள், பாடினவரின் பெயரை எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறோம்?

றபான் அடித்தவர், அதற்குத் தோல் போட்டவர் ஆகியோரின் பெயர்களை ஊர் ஊராகப் பதிவது எங்கட ஆய்வாளர்களின் கடன். கேட்டுச் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.