டிராகி அறிக்கையின் 'நாம்'

2024 செப்டம்பரில் மரியோ டிராகி ஐரோப்பிய ஆணையத்திடம் கொடுத்த போட்டித்திறன் அறிக்கையை எல்லாரும் பொருளாதார ஆவணமாகத்தான் பேசுகிறார்கள். நான் அதை ஒரு பிரதியாகவும் வாசித்துப் பார்த்தேன். இத்தகைய அறிக்கைகளில் வழக்கமாக வரும் பூசி மெழுகல் இதில் குறைவு. ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர், விஷயத்தைப் போட்டு உடைக்கிறார். அமெரிக்காவோடு ஒப்பிட்டால் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மின்சாரம் 2 முதல் 3 மடங்கு விலை. இயற்கை எரிவாயு 4 முதல் 5 மடங்கு. இதைச் சரிசெய்யவும் பின்தங்காமல் இருக்கவும் ஆண்டுக்கு 75,000 முதல் 80,000 கோடி யூரோ வரை கூடுதல் முதலீடு வேண்டும் என்கிறார்.

பொறியியல் படித்தவன் என்பதால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு கணக்கு. 2022-இல் ஐரோப்பிய மின் உற்பத்தியில் எரிவாயுவின் பங்கு 20 விழுக்காடுதான். ஆனால் 63 விழுக்காடு நேரம் மின்சாரத்தின் விலையை முடிவு செய்தது அதுவே. காரணம் சந்தையின் விதி. தேவையை நிரப்பக் கடைசியாக எந்த நிலையம் ஓடுகிறதோ, அது கேட்கும் விலைதான் எல்லாருக்கும். காற்றாலை எவ்வளவு மலிவாகச் சுற்றினாலும் பில் எரிவாயுக் கணக்கில்தான் வரும். ரஷ்யக் குழாய் வற்றியதும் இந்த விதி வழியாகப் போர் வீட்டு பில்லுக்குள் நுழைந்தது. 2022 அக்டோபரில் யூரோ நாடுகளின் பணவீக்கம் 10.6 விழுக்காடு.

அதே ஆண்டு ஆகஸ்டில் பைடன் கையெழுத்திட்ட சட்டத்தின் பெயர் 'பணவீக்கக் குறைப்புச் சட்டம்'. பெயர் ஒன்று, சரக்கு வேறு. உள்ளே இருந்ததில் பெரும்பங்கு பசுமைத் தொழில்களுக்கான வரிச்சலுகை. வட அமெரிக்காவில் பொருத்தப்பட்ட மின்காருக்கு 7,500 டாலர் வரை சலுகை என்றதும் ஐரோப்பா கொதித்தது. ஆனால் 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த திரவ எரிவாயுவில் கிட்டத்தட்ட பாதி அமெரிக்காவுடையது. ஒரு கையால் எரிவாயு விற்று, மறுகையால் தொழிற்சாலையை 'இங்கே வா' என்று கூப்பிடும் நட்பு இது.

இதுவரை டிராகியோடு எனக்குச் சண்டை இல்லை. என் சிக்கல் அவருடைய 'நாம்' யார் என்பதில்தான். 2022-இல் ஐரோப்பா கூடுதல் விலை கொடுத்ததும் எரிவாயுக் கப்பல்கள் அந்தப் பக்கம் திரும்பின. அந்த ஜூலையில் பாகிஸ்தான் விட்ட டெண்டருக்கு ஒரு விற்பனையாளர்கூட வரவில்லை. வங்கதேசம் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்திவிட்டு முறைவைத்து மின்வெட்டு போட்டது. ஐரோப்பாவுக்கு அது விலையேற்றம், இவர்களுக்கு இருட்டு. அறிக்கையின் வாதத்தில் இந்த இருட்டுக்கு இடமில்லை.

ஐரோப்பா கூட்டாக எரிவாயு வாங்கிப் பேரம் பேச வேண்டும், உடனடிச் சந்தையைக் குறைத்து நீண்டகால ஒப்பந்தங்களுக்குப் போக வேண்டும் என்கிறார் டிராகி. இரண்டாவது யோசனை ஏழை நாடுகளுக்கும் நல்லதாக முடியலாம், கடைசி நேர ஏலப்போட்டி குறையும் என்பதால். ஆனால் அவர் அதை ஐரோப்பாவின் பில்லைக் குறைக்கும் வழியாக மட்டுமே பார்க்கிறார். முதல் யோசனை சும்மா விடக்கூடியதல்ல. பணக்காரர்கள் எல்லாரும் ஒரே ஆளாக வரிசையில் நின்றால், அவர்களுக்குப் பின்னால் நிற்பவருக்கு என்ன மிஞ்சும்? நேர்மையான அறிக்கைதான், கட்டாயம் வாசிக்க வேண்டும். அந்த நேர்மை அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்குள் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.