கீண்டானும் பிளந்தானும்: வில்லிபுத்தூர்ப் பாடல்களில் பிரித்தல் வினைகள்

ஆங்கிலத்தில் ‘கிளீவ்’ என்றொரு வினைச்சொல் உண்டு. பிளத்தல் என்பதும் அதன் பொருள். ஒட்டிக்கொள்ளுதல் என்பதும் அதன் பொருள். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் இவ்விரு பொருளும் ஆளப்பட்டுள்ளன. ஒரு சொல் தன் பொருளுக்கு மறுதலையான பொருளையும் தாங்கி நிற்பது எங்ஙனம் எனின், அஃது உண்மையில் ஒரு சொல் அன்று. பழைய ஆங்கிலத்தில் ‘கிளேயோவன்’, ‘கிளிவியன்’ என இரண்டு வினைகள் வேறுவேறாக வழங்கின. முன்னது பிரித்தலுக்கும் பின்னது பற்றுதலுக்கும் உரியன. காலப்போக்கில் ஒலி திரிந்து இரண்டும் ஒரு வடிவின ஆயின. வடிவு ஒன்றாயினமையால் பொருளும் ஒன்றெனக் கொள்வார் அம்மொழியில் இலர்.

தமிழில் யாம் காணும் இடர்ப்பாடு இதற்கு மறுதலையானது. இங்கே வடிவுகள் பல. ஆயினும் அவற்றின் பொருள் ஒன்றெனக் கொள்ளும் வழக்கம் வேரூன்றியுள்ளது. ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லைப் பொருளாகத் தருதல் நிகண்டுகள் தொடங்கி வைத்த முறை. மனப்பாடத்திற்கு அது பெரிதும் துணைபுரிந்தது. ஆனால் கீள், பிள, போழ், கிழி, வகிர் என்பனவற்றை ஒரே வரிசையில் நிறுத்தி ‘ஒருபொருட் கிளவி’ என்று எழுதிக்கொண்ட மாணவர், அவற்றுள் ஒன்றைப் புலவர் ஏன் தேர்ந்தார் என்று வினவும் வாய்ப்பை இழந்துவிடுகின்றார். இவ்விழப்பு சிறிதன்று என்பதனை வில்லிபுத்தூர்ப் புலவர் இருவரின் பாடல்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

திருப்பாவையின் பதின்மூன்றாம் பாட்டு ஆராய்ச்சியுலகில் பெயர் பெற்றது. வெள்ளி எழுந்து வியாழன் மறைந்த செய்தி அதில் வருதலின், அதனைக் கொண்டு அறிஞர் மு. இராகவையங்கார் ஆண்டாளின் காலத்தைக் கி.பி. 731-ஐ ஒட்டியதாகக் கணித்தார். பிறர் வேறு ஆண்டுகளைக் கூறினர். அவ்வழக்கு நீண்டமையால் பாட்டின் வானியற் குறிப்பு பலராலும் பேசப்பட்டது. அதே பாட்டின் தொடக்கத்தில் நிற்கும் மூன்று வினைகளோ அத்துணை நோக்கம் பெறவில்லை. பறவை வடிவில் வந்த அசுரனின் வாயைக் கண்ணன் ‘கீண்டான்’ என்றும், அரக்கனைக் ‘கிள்ளி’க் ‘களைந்தான்’ என்றும் ஆண்டாள் கூறுகின்றார். பொழிப்புரைகள் பலவற்றில் இம்மூன்றும் ‘பிளந்தான்’, ‘கொன்றான்’, ‘அழித்தான்’ என மாறிவிடுகின்றன. கதை மாறவில்லை, ஆனால் பாட்டு மாறிவிட்டது என்பதே எம் கருத்து.

கருவியும் வினையும்

பிரித்தலைக் குறிக்கும் தமிழ் வினைகளைக் கருவி நோக்கி மூவகையாகப் பகுக்கலாம். வெட்டு, தறி, அரி, ஈர், போழ் முதலியன பெரும்பாலும் இரும்பை வேண்டுவன. கிள்ளு, பிய், பறி, ஒசி, கீள் முதலியன விரலும் உகிரும் கையும் செய்வன. பிள, பகு, வகு முதலியன கருவியைச் சுட்டாமல் விளைவை மட்டும் சுட்டுவன. ஒன்று இரண்டாயிற்று என்பதே அவற்றின் செய்தி. அறு போன்ற சில வினைகள் இவ்வெல்லைகளைக் கடந்தும் வழங்கும். எனினும் வகைகளின் நடுவிடம் தெளிவாகவே உள்ளது. மரத்தைக் கிள்ளினான் என்றோ, வெற்றிலைக் காம்பைத் தறித்தான் என்றோ தமிழறிந்தார் கூறார்.

கீள் என்பது கைவினையே என்பதற்குச் சான்றுகள் உள. முதலாவது, அச்சொல்லின் பெயர் வடிவம். தேவாரத்தில் சிவபெருமான் கோவணத்தொடு கீளும் உடையனாகப் பாடப்பெறுகின்றான். கீள் ஈண்டு கிழித்தெடுத்த துணிக்கீற்று. ஆடையின் பெயர்கள் அது பிரிக்கப்பெற்ற வகையைத் தம்முள் பொதிந்து வைத்திருத்தல் தமிழில் இயல்பு. துணிக்கப்பட்டது துணி, அறுக்கப்பட்டது அறுவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவர் பெயரில் அச்சொல் நிற்கின்றது. ஆங்கிலத்தில் ‘ஷர்ட்’ என்பதும் அறுத்தலைக் குறிக்கும் பழைய வேர் ஒன்றினின்று பிறந்ததேயாம். தறியினின்று அறுத்தெடுத்த முழு ஆடை அறுவை எனவும், கையாற் கிழித்தெடுத்த சிறு கீற்று கீள் எனவும் பெயர் பெற்றமை நோக்கத்தக்கது.

இரண்டாவது, இனமொழிச் சான்று. கன்னடத்தில் ‘கீளு’ என்னும் வினை பிடுங்குதல், பறித்தல் என்னும் பொருளில் இன்றும் உயிரோடு வழங்குகின்றது. பறித்தலும் கையின் தொழிலே.

மூன்றாவது, பெரியாழ்வாரின் ஆட்சி. காக்கையை விளித்துக் குழந்தைக்குக் குழல்வார வருமாறு அழைக்கும் பதிகத்தில், அப்பறவை அசுரனின் வாயைக் குழந்தை கீண்டதை அவர் பாடுகின்றார். ஆங்கு அவ்வினைக்கு அடையாக வருவது ‘பொதுக்கோ’ என்னும் விரைவுக் குறிப்பு. படை எடுத்தலும் ஓங்குதலும் இல்லை. கண்டவுடன் குழந்தையின் கை செய்துவிட்டது. தலைவாரும் தாயின் கைக்கும் அலகைக் கீண்ட மகனின் கைக்கும் இடையே பாட்டு இயங்குகின்றது. ஈண்டு இரும்பின் வினை ஒன்றை இட்டுப் பார்ப்பின் குழந்தை மறைந்து வீரன் ஒருவன் தோன்றுவான்.

யாப்பு எழுப்பும் தடை

ஆண்டாள் கீண்டான் என்றது பொருள் நோக்கி அன்று, யாப்பு நோக்கியே என்று ஒருவர் தடை எழுப்பலாம். அத்தடை வலியுடையது, அதனை ஒதுக்கிச் செல்லுதல் நேர்மை ஆகாது. திருப்பாவை கொச்சகக் கலிப்பாவால் ஆயது. வெண்டளை தழுவி வருவது. அவ்வினைக்கு முன் நிற்கும் சீர் காய்ச்சீர். காய் முன் நேர் வருதல் வேண்டும். ‘பிளந்தானை’ என்பது நிரையசையில் தொடங்குகின்றது. ஆதலின் அது பொருந்தாது. ‘கிழித்தானை’, ‘வகிர்ந்தானை’ என்பனவும் அவ்வாறே தளை கெடுவன. எனவே ஆண்டாள் பிளந்தானை விலக்கிக் கீண்டானைத் தேர்ந்தார் என்று மட்டும் கூறினால் அது முழு உண்மை ஆகாது. பிளந்தானை விலக்கியது யாப்பு.

ஆயினும் யாப்பு சிலவற்றை விலக்குமேயன்றி ஒன்றனைத் தேர்ந்து தாராது. ‘போழ்ந்தானை’ என்பது நேரசையில் தொடங்கித் தேமாங்காயாய் நிற்கும். ‘ஈர்ந்தானை’ என்பதும் அவ்வாறே. இரண்டும் தளை பிழையாமல் அவ்விடத்தில் அமையும். எதுகை அடிதோறும் முதற்சீரில் அமைதலின் இரண்டாம் சீருக்கு அக்கட்டுப்பாடும் இல்லை. ஆகவே யாப்பு இசைந்த சொற்களாகக் குறைந்தது மூன்று ஆண்டாளின் முன் நின்றன. அவற்றுள் போழ்தல், சங்கினை அரத்தால் அறுத்து வளை செய்யும் தொழிலுக்குச் சங்க நூல்கள் ஆளும் வினை. ஈர்தல், ஈர்வாள் என்னும் கருவிப்பெயரிலேயே தன் இயல்பைக் காட்டி நிற்கும் வினை. இரும்பு மணக்கும் இவ்விரண்டையும் விடுத்துக் கையின் வினையாகிய கீள் என்பதனை அவர் கொண்டார். தேர்வு என்பது இதுவே.

பிளத்தல் வரும் இடங்கள்

அங்ஙனமாயின் இதே நிகழ்ச்சியைப் பிள என்னும் வினையால் இவர்கள் கூறவே இல்லையா என்பது அடுத்த வினா. கூறியுள்ளனர். நாச்சியார் திருமொழியின் முதல் திருமொழியில், காமன் தன் மலர்க்கணையால் தன்னைக் கொண்டு சேர்க்கவேண்டிய இலக்கினைச் சொல்லும்போது, ஆண்டாள் புள்ளின் வாய் பிளந்தவன் என்றே குறிக்கின்றார். பெரியாழ்வாரும் பூச்சூட்டற் பதிகத்தில் கண்ணனை விளிக்கையில் அவ்வினையையே ஆள்கின்றார். யாப்பு அவ்விடங்களில் வேறு, சூழலும் வேறு. நாச்சியார் திருமொழியில் அஃது எய்யப்படும் இலக்கின் பெயர். பூச்சூட்டலில் அடுக்கி வரும் விளிகளுள் ஒன்று. இரண்டிடத்தும் வேண்டுவது செயலின் விளைவே. அவ்விளைவால் அறியப்படுபவன் இவன் என்று சுட்டுதற்குப் பிள போதுமானது.

சப்பாணிப் பதிகத்தில் இதனினும் தெளிவான சான்று ஒன்று உளது. இரணியனின் மார்பைப் பிளந்த கைகளால் சப்பாணி கொட்டுமாறு பெரியாழ்வார் குழந்தையை வேண்டுகின்றார். பிள என்னும் வினையை ஆளும்போது கை என்னும் சொல்லைப் புலவர் வெளிப்படையாகக் கூறவேண்டியதாயிற்று. குழல்வாரும் பதிகத்தில் கீள் என்னும் வினைக்கு அத்துணை வேண்டப்படவில்லை. வினைக்குள்ளேயே கை இருத்தலின் அதனை மீண்டும் கூறவேண்டிய தேவை இல்லாதாயிற்று. இடங்கள் மிகப் பல அல்ல என்பதனையும், இவற்றைக் கொண்டு மாறா விதி ஒன்று வகுத்தல் ஆகாது என்பதனையும் யாம் மறவோம். ஆயினும் இச்சில இடங்களும் ஒரு திசையையே காட்டுகின்றன.

கிள்ளுதலும் களைதலும்

இனி அரக்கனுக்கு வருவாம். இராமாயணத்தில் இராவணன் வீழ்ந்தது கணையால். நெடும்போர் நிகழ்ந்து, அறுந்த தலைகள் மீண்டும் முளைத்து, இறுதியில் தெய்வப் படைக்கலம் தொடுக்கப்பெற்றது. இத்துணையையும் ஆண்டாள் கிள்ளுதல், களைதல் என்னும் இரண்டு வினைகளுள் அடக்கினார். கிள்ளுதல் செயலின் எளிமையைக் காட்டும் என்பது வியாக்கியான மரபுக்கும் உடன்பாடே. அதனோடு களைதலும் சேர்தலால் மற்றொரு பொருளும் தோன்றுகின்றது. அறுக்க அறுக்க முளைப்பது களை. மீண்டும் மீண்டும் முளைத்த தலைகளை உடையானுக்கு அதனினும் பொருந்திய வினை வேறு யாது? கொடியவரை அரசன் ஒறுத்தலைப் பயிர் காக்கக் களை நீக்குதலோடு ஒப்பிட்டுத் திருவள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தை முடித்தார். அவர் உவமையாக விரித்ததனை ஆண்டாள் ஒரு வினையாகச் சுருக்கினார். களைவோன் நோக்கம் களையன்று, பயிரே. ஆகவே இக்கொலையில் சினம் இல்லை, காவலே உளது.

‘வென்று பகை கெடுக்கும் வேலை இருபத்து நான்காம் பாட்டில் போற்றியவரும் ஆண்டாளே அன்றோ’ என வினவுவார் உளர். உண்மையே. ஆனால் ஆங்கு வேல் கையில் இருக்கின்றது. ஒன்றனைப் பிளப்பதாகவோ அறுப்பதாகவோ கூறப்படவில்லை. அப்பாட்டிலேயே குன்றினைக் குடையாக எடுத்தலும் கன்றினை எறிகோலாக வீசுதலும் கையின் செயல்களாகவே வருகின்றன. ஆகவே அது எம் கருத்துக்கு மாறாகாது.

இவ்வினைகள் எவ்வாழ்க்கையிலிருந்து வந்தன? பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து மாலைத்தொண்டு செய்தவர் என்பது குருபரம்பரை மரபு. அம்மரபினை நாடாமலே, பூச்சூட்டற் பதிகம் ஒன்றே பூத்தொழிலில் பழகிய உள்ளத்தைக் காட்டும். காம்பைக் கிள்ளுதலும், நாரைக் கீறுதலும், பாத்தியில் களை பறித்தலும் அத்தொழிலின் அன்றாட வினைகள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் இன்றும் மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் கொண்டு நாள்தோறும் புதிதாகக் கிளி செய்து ஆண்டாளுக்குச் சாத்துகின்றனர். ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசி விழாவிற்குத் திருப்பதிக்குச் செல்கின்றது. இவை பிற்கால வழக்கங்களாகலாம். பாட்டிற்குச் சான்றாக இவற்றை யாம் காட்டவில்லை. பூவையும் இலையையும் கையாளும் ஊரில் இவ்வினைகளின் வேறுபாடு எவர்க்கும் விளக்கவேண்டாத செய்தி என்பதனை மட்டும் நினைவூட்டுகின்றோம்.

பாவை நோன்பு நோற்கும் சிறுமியர் தம் கைகள் நாளும் செய்யும் வினைகளாலேயே இறைவனின் செயலைப் பாடுகின்றனர். அவன் ஆற்றல் பெரிது. ஆயினும் அதனைக் கூறும் சொல் அவர்கள் வீட்டுச் சொல். பொழிப்புரையில் ‘அழித்தான்’ என எழுதுங்கால் மறைவது இவ்வுறவே. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து பெருந்தொண்டு ஆற்றியுள்ளது. இனி வரும் இலக்கியச் சொல்லடைவுகள் பிரித்தல் வினைகளுக்குப் பொருள் எழுதும்போது, எதனைப் பிரித்தது, எதனால் பிரித்தது என்னும் இரண்டினையும் இடந்தோறும் குறித்தல் வேண்டும். பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் நாலாயிரத்தின் பிரித்தல் வினைகள் முழுவதையும் இம்முறையில் தொகுப்பாராயின், எம் கருத்து உறுதிபெறுதலும் திருத்தம் பெறுதலும் அப்போது நிகழும்.

தீர்மானித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய ‘டிசைட்’ வெட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்று வந்தது. தமிழில் துணிதல் என்பதும் அறுதலையும் முடிவுசெய்தலையும் ஒருங்கே குறிக்கும். ஒன்றினின்று ஒன்றைச் சரியான இடத்தில் பிரித்தறிதலே முடிவு என்பது இரு மொழியாரும் கண்ட உண்மை. கீண்டான் வேறு, பிளந்தான் வேறு. முன்னதில் கை உளது, பின்னதில் விளைவு உளது என்பது எம் துணிபு.