காலியான கூண்டு

தமிழில் ‘கும்பினி’ என்றொரு பழஞ்சொல் உண்டு. வாணிகம் செய்ய வந்து, வந்த இடத்தில் அரசாகவே அமர்ந்துவிட்ட வணிகக் குழுக்களை நம் முன்னோர் அவ்வாறு அழைத்தனர். 1739-இல் தஞ்சை மன்னரிடமிருந்து காரைக்காலைப் பெற்றதும் அப்படியொரு பிரெஞ்சுக் கும்பினியே. இந்திரா சின்ஹா ஆங்கிலத்தில் எழுதி 2007-இல் வெளிவந்த ‘அனிமல்ஸ் பீப்பிள்’ நாவலில் ‘கம்பானி’ என வரும் இடமெல்லாம் என் செவியில் அச்சொல்லே ஒலித்தது. நாவலில் அதற்கு வேறு பெயரில்லை, முகமுமில்லை.

கதை நிகழும் ஊர் ‘கௌஃப்பூர்’, அதாவது அச்சத்தின் ஊர். அது போபால்தான் என்பது எவருக்கும் விளங்கும். 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் தொட்டியொன்றில் நீர் புகுந்தது; மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சுவாயு உறங்கிக் கிடந்த குடிசைகளின் மீது கவிந்தது. தொட்டியைக் குளிர்விக்கும் கருவி பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்தழிக்க வேண்டிய கோபுரமோ இயங்கும் நிலையில் இல்லை. சில நாள்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

கதைசொல்லி அந்த இரவுக்குச் சற்று முன் பிறந்தவன். முதுகெலும்பு வளைந்து, கைகளையும் கால்களாக்கி நடக்கிறான். தன்னை ‘விலங்கு’ என்றே அழைத்துக்கொள்கிறான். ஒலிநாடாவில் அவன் பேசும் பேச்சில் வசையும் ஆபாசமும் மலிந்துள்ளன. நம் வாசகர் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த வாய்த்துடுக்கே நாவலைக் காக்கிறது. நம் இரக்கத்தை அவன் வாங்க மறுக்கிறான். ஏழையின் துயரத்தைக் காட்சிப் பொருளாக்கி மகிழும் நம் பழக்கத்தை எள்ளி நகையாடுகிறான்.

என்னை மிகவும் நிறுத்தி வைத்தவர் மா ஃபிரான்சி என்னும் முதிய பிரெஞ்சுக் கன்னியர். அந்த இரவுக்குப் பின் அவருக்குப் பிரெஞ்சைத் தவிர எம்மொழியும் புரிவதில்லை. பிறர் பேசுவதெல்லாம் பொருளற்ற ஓசை. (பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் பெரியவர்கள் நிறைந்த எங்கள் பகுதியில் இப்பாத்திரத்துக்கு நல்ல வரவேற்பு இருக்கும்!) நடந்தது உலக முடிவு என்று அவர் நம்புகிறார். திருவெளிப்பாட்டின் வானதூதர்களையும் நெருப்பையும் தெருவில் காண்கிறார். அன்பே உருவானவர்; ஆனால் அவருடைய மறையியலில் குற்றவாளி என எவருமில்லை. உலகை முடிப்பவர் இறைவனாயின், வால்வைப் பழுதுபார்க்காதவனை யார் கேட்பது? ‘அப்போகாலிப்சிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் அழிவன்று, திரை விலக்குதல். போபாலில் விலக்க வேண்டிய திரை எத்தனையோ இருந்தது. யாரோ ஒரு தொழிலாளியின் சதி என்று நிறுவனம் சாதித்தது.

2004 டிசம்பர் 26-இல் பிள்ளைகளைப் புதைத்த கருக்களாச்சேரி மக்களுக்கு இவ்வேறுபாடு தெரியும். கடலுக்கு அழைப்பாணை அனுப்ப இயலாது. ஆலைக்கு அனுப்பலாம். போபாலின் துயரத்தையும் ‘விதி’ என்று ஆற்றுவோர், தம்மையறியாமலேயே எதிர்த்தரப்பு வழக்கறிஞராகிவிடுகின்றனர்.

நாவலின் பிற்பகுதி எனக்கு நிறைவளிக்கவில்லை. கம்பானியின் வழக்கறிஞர்களும் அமைச்சர்களும் மறைவில் பேரம் பேசுகையில், முக்காடிட்ட பெண்ணொருத்தி கண்ணெரிக்கும் புகைக்குண்டை வீசிக் கலைத்துவிடுகிறாள். படிக்கையில் மகிழ்ச்சிதான், எனினும் இது எளிய வழி. உண்மையில் எந்தப் பேரமும் அவ்வாறு கலையவில்லை. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு உச்ச நீதிமன்றத்தில் கணக்கு முடிக்கப்பட்டது. குற்ற வழக்கும் அதனோடு கைவிடப்பட, மக்கள் போராடியதால் 1991-இல் மீண்டது. 2010 ஜூன் 7-இல் இந்திய அதிகாரிகளுக்கு ஈராண்டுச் சிறை, அன்றே பிணை. நிறுவனத் தலைவர் வாரன் ஆண்டர்சன் இந்திய நீதிமன்றத்தில் விசாரிக்கப்படாமலே 2014-இல் அமெரிக்காவில் காலமானார். கூடுதல் இழப்பீடு கோரிய மனு 2023 மார்ச்சில் தள்ளுபடியானது.

நேர்மையற்ற நடுவரை விடாது நச்சரித்த கைம்பெண்ணின் உவமையை நாம் மன்றாட்டுக்கு மட்டுமே மேற்கோள் காட்டி வருகிறோம். அவள் கேட்டதோ ஆறுதலன்று, தன் எதிராளிக்கு எதிரான தீர்ப்பு. 2004-இல் கோல்ட்மேன் விருது பெற்ற ரஷீதா பீயும் சம்பா தேவி சுக்லாவும் அவளுடைய இனத்தவர். சின்ஹா இத்தகைய பெண்களை ஓரத்தில் நிறுத்திவிட்டு, சஃபர் என்னும் உண்ணாநோன்புத் தலைவரையே நடுவில் வைத்தது குறையென்றே சொல்வேன்.

நிமிர்ந்து நடக்க அறுவை மருத்துவம் செய்துகொள்ளும் வாய்ப்பை இறுதியில் அவன் மறுக்கிறான். பணத்தை வேறொருத்தியின் விடுதலைக்குத் தருகிறான். கௌஃப்பூர் வழக்கோ அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிப்போகிறது.