கனம், பலம், கை

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் தடம் வண்டி ஓட்டும் கலையை ரசிக்க நல்ல இடம். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் நம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டி போகும் வழியோ கேரளத்துப் பக்கம். ஏறத்தாழ 7,900 அடி உயரத்துக்கு, பாறைகள் துருத்திக்கொண்டிருக்கும் பாதையில், பழைய மகிந்திரா ஜீப்புகள் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு போகின்றன. எஞ்சின் அலறுவதில்லை. அனுபவப்பட்ட டிரைவரின் வண்டியில் சக்கரம் வீணாகச் சுழல்வதுமில்லை. ஒவ்வொரு கல்லின் மேலும் டயர் ஏறி, அமர்ந்து, இறங்குகிறது. ‘எந்த வண்டி பலசாலி?’ என்று கேட்டுக்கொண்டு மலையேறுபவர், ‘யார் ஓட்டுகிறார்?’ என்று கேட்டுக்கொண்டு இறங்குவார்.

கனமான வண்டிக்குப் பிடிப்பு அதிகம் என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. எடை கூடினால் டயர் தரையை அழுத்துவதும் கூடும், பிடிப்பும் கூடும். ஆனால் ஏற்றத்தில் வண்டியைக் கீழே இழுக்கும் விசையும் அதே அளவுக்குக் கூடிவிடும். கெட்டியான பாறையில் ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போகிறது. மணலிலும் ஆழமான சேற்றிலும் கனம் கடன்தான். வண்டி புதையும், புதைந்ததை மீட்பதும் பெரும்பாடு. வேகமாக ஓடும் ஓடையில் மட்டும் கதை தலைகீழ்: இலேசான வண்டியைத் தண்ணீர் தூக்கிவிடும், கனமானது காலூன்றி நிற்கும். சாய்தளத்திலோ எடையைவிட, அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். கூரையில் மூட்டை கட்டிய வண்டி, அதே மூட்டையைத் தரைப் பலகையில் வைத்த வண்டியைவிடச் சீக்கிரம் கவிழும்.

ஜீப்பின் பிறப்பே எடையோடு நடந்த மல்லுக்கட்டுதான். 1940இல் அமெரிக்க ராணுவம் கேட்டது வெறும் 1,300 பவுண்டு, அதாவது 590 கிலோ எடையுள்ள நாலு சக்கர இழுவை வண்டி. அந்த எடையில் அப்படியொன்றை யாராலும் செய்ய முடியவில்லை. வரம்பை 2,160 பவுண்டுக்கு உயர்த்தினார்கள். போட்டியிட்ட வில்லிஸ் வண்டி அதையும் மீறியிருந்தது. எஞ்சினை மாற்றினால் எடை குறையும். வில்லிஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் அதற்குச் சம்மதிக்கவில்லை. 60 குதிரைத்திறன் கொண்ட தன் எஞ்சினைத் தொடாமல், மற்ற பாகங்களைக் கழற்றி எடைபோட்டு, நீண்ட போல்ட்டுகளைக் குட்டையாக்கி, பெயின்ட் பூச்சைக்கூடக் குறைத்தார். பலத்தைக் காப்பாற்ற எடையைச் செதுக்கிய அந்தப் பிடிவாதத்தை நினைக்கும்போதெல்லாம், நகைக்கு மெருகேற்றும் பத்தர்தான் கண்முன் நிற்கிறார்.

அந்த வில்லிஸ் எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 142 நியூட்டன் மீட்டர். 2023இல் இந்தியாவில் வந்த ஐந்து கதவு ஜிம்னியுடையது 134. பின்னர் பெருமளவில் தயாரான வில்லிஸின் எடை 1,100 கிலோவை ஒட்டியது. ஜிம்னி 1,200 கிலோவை ஒட்டியது. எண்பது ஆண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு வண்டிகளும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. தற்செயல் என்று இதைத் தள்ள மனம் வரவில்லை. மலைத்தடத்துக்குத் தேவையான பலம் உண்மையில் பல்சக்கரங்களில் இருக்கிறது. ஜிம்னியை ஃபோர் லோவில், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் தாழ் கியர் நிலையில் போட்டு முதல் கியரில் எடுத்தால், எஞ்சினின் முறுக்கு சக்கரத்தை அடைவதற்குள் 36 மடங்காகப் பெருகுகிறது. வில்லிஸில் 25 மடங்கு. மனிதன் நடக்கும் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரில் கால்கூட வைக்காமல், வண்டி தானாக ஏறுகிறது.

நம் ஊர் ரசிகர்களின் ஓயாத விவாதம் ஜிப்சி வண்டியா, தார் வண்டியா என்பது. ஜிப்சி ஒரு டன் சுமாருக்குத்தான் இருக்கும். கடைசிக் காலத்து எஞ்சின் 80 குதிரைத்திறன். 2020இல் வந்த தார் டீசலுக்கு 300 நியூட்டன் மீட்டர் முறுக்கு, எடை 1,700 கிலோவுக்கு மேல். தார் தவறை மன்னிக்கும்: தடத்தைக் கொஞ்சம் பிசகிப் பிடித்தாலும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஜிப்சி மன்னிக்காது, ஆனால் கற்றுக்கொடுக்கும். குறைந்த முறுக்கை வைத்துக்கொண்டு எந்த இடத்தில் உருட்டு வேகம் சேர்க்க வேண்டும், எந்த இடத்தில் அதை விட வேண்டும் என்று யோசிக்க வைக்கும். ஜிப்சியில் பழகியவர் தாரில் உட்கார்ந்தால் ராஜா. தாரிலேயே பழகியவர் ஜிப்சியில் உட்கார்ந்தால் முதல் சேற்றிலேயே பாடம் தொடங்கிவிடும்.

கைத்திறன் எதில் தெரிகிறது? பெரிய கல்லை வயிற்றுக்கடியில் விடாமல், டயரை அதன் மேலேயே ஏற்றுவதில். மணலுக்குள் இறங்கும் முன் டயர் காற்றைப் பாதியாகக் குறைத்து, காலடியை அகலமாக்கிக்கொள்வதில். கட்டைவிரலை ஸ்டியரிங் வளையத்துக்குள் விடாமல் வெளியே வைப்பதில். பாறை சக்கரத்தைத் திருப்பியடித்தால் விரல் ஒடியும். செங்குத்தான இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல் எஞ்சினையே பிரேக்காக்குவதில். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் சாதாரண டிஃபரன்ஷியல் அதைச் சும்மா சுழலவிட்டு, தரையிலிருக்கும் சக்கரத்தைப் பட்டினி போடும். பழகிய டிரைவர் பிரேக்கை இலேசாக அழுத்தி, சுழலும் சக்கரத்துக்குத் தடை கொடுத்து, முறுக்கை மறுபக்கம் அனுப்புவார். ஜிம்னியில் இதையே மின்னணுக் கருவி செய்கிறது. அந்தக் கருவிக்குள் இருப்பது யாரோ ஒரு பழைய டிரைவரின் அறிவுதான்.

எல்லாவற்றையும்விட நான் மதிப்பது தோற்றுப்போகத் தெரிந்த கையை. ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் அணைந்து வண்டி நின்றுவிட்டால் கற்றுக்குட்டி கிளட்சை மிதிப்பார், அல்லது பக்கவாட்டில் திருப்பப் பார்ப்பார். இரண்டும் கவிழ்க்கும். தேர்ந்தவர் பிரேக்கைப் பிடித்து, ரிவர்ஸ் கியரில் போட்டு, கிளட்சை முழுதாக விட்டபின்னரே பிரேக்கைத் தளர்த்துவார். ஏறிய கோட்டிலேயே நேராக, எஞ்சின் பிடியில், பின்னால் இறங்கி வந்து வேறு தடம் தேடுவார். அதில் அவசரமும் இருக்காது, அவமானமும் இருக்காது.

என் தீர்ப்பு இது: முதலில் கை, அடுத்து எடை, கடைசியில்தான் பலம். பழகிய கையில் எளிய ஜீப்பும் மலையேறும். பழகாத கையில் எத்தனை நியூட்டன் மீட்டர் இருந்தாலும் அது குழி தோண்டத்தான் உதவும். புதிதாக இந்த ஆர்வம் வந்திருப்பவர்கள் வண்டியில் இரும்பைக் கூட்டுவதற்கு முன், வேண்டாத சுமையை இறக்குங்கள். பெரிய எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை நல்ல டயருக்கும், இன்னொரு பங்கைப் பயிற்சிக்கும் கொடுங்கள்.