இருபதடி தள்ளி நின்று பாருங்கள்

அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் தங்கள் ரைபிளுக்குத் தாங்களே உருமறைப்பு வண்ணம் அடித்துக்கொள்கிறார்கள். பளபளப்பில்லாத ஸ்பிரே பெயின்ட் மூன்று நான்கு டப்பா, மாஸ்கிங் டேப், கொல்லையில் பறித்த புல்லும் இலையும் போதும். வேட்டையில் நாட்டமில்லாதவர்களும் இந்தக் கைவேலையை ரசிக்கலாம். எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் தள்ளி நில்லுங்கள்

குண்டு இறக்கிய துப்பாக்கியைப் புதரோரம் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். இருபதடி தள்ளி நின்று, கண்ணை இடுக்கிப் பாருங்கள். காட்டில் நீண்ட நேர்கோடு அபூர்வம் என்பதால் குழலின் நேரான விளிம்புதான் துப்பாக்கியை முதலில் காட்டிக்கொடுக்கும். நல்ல வேலையில் அந்த விளிம்பு துண்டு துண்டாக அறுபட்டுத் தெரியும். பொடிப்பொடியான வடிவங்களை நெருக்கி அடித்திருந்தால், தூரத்தில் எல்லாம் கலந்து ஒரே கருந்தடியாகிவிடும்.

பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஹியூ காட் 1940-இல் வெளியிட்ட நூலில் தவளையைப் பற்றி ஒரு நுட்பம் சொல்கிறார். அது காலை மடக்கி உட்காரும்போது தொடையிலும் கீழ்க்காலிலும் உள்ள பட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, காலின் உருவமே கலைந்துபோகும். துப்பாக்கியிலும் இதைத் தேடுங்கள். கட்டையில் தொடங்கும் ஒரு கரும்பட்டை குழலைத் தாண்டி ஸ்கோப் வரை தொடர்ந்தால், அடித்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

பிறகு கிட்டே போங்கள்

முதலில் வெளிர்நிறம் அடித்து, அது காய்ந்ததும் இலையை வைத்து மேலே அடர்நிறம் அடிப்பது பொதுவான முறை. இலையை எடுத்தால் அதன் உருவம் வெளிராகத் தங்கும். பரப்போடு ஒட்டி வைத்த இலைக்கு விளிம்பு கூராக விழும். சற்றுத் தூக்கிப் பிடித்த இலைக்கு விளிம்பு புகைந்து மங்கும். கூரானது முன்னால் நிற்பதாகவும் மங்கியது பின்னால் போவதாகவும் கண் எடுத்துக்கொள்வதால் தட்டையான கட்டையில் ஆழம் பிறக்கிறது. இந்த வேலையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஒரே இலை ஒரே சாய்வில் திரும்பத் திரும்ப வந்தால் அவசரம் தெரிந்துவிடும்.

பெயின்ட் படாத இடங்களையும் பாருங்கள். ஸ்கோப்பின் கண்ணாடி, குழல்வாய், விசை, அசையும் பாகங்கள் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் அடித்தால் பெயின்ட் செதில் செதிலாக உரியும். கை படும் இடங்களில் தேய்ந்திருந்தால் குறையாக எண்ண வேண்டாம். அது புழங்கியதன் அடையாளம்.

யார் கண்ணுக்கு?

வெண்வால் மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் எடுப்பாகத் தெரியாது. அதனால்தான் அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்காரர்கள் சட்டப்படி ஆரஞ்சு உடுப்பு அணிந்தும் பாதிப்பில்லை. மானை ஏமாற்ற வெளிச்சமும் நிழலும் கலந்த வேறுபாடு முக்கியம். காட்டு வான்கோழிக்கோ நிறப்பார்வை கூர்மையானது. அதனிடம் நிறத்தேர்வும் தப்பக் கூடாது.

ஆகவே எந்தத் துப்பாக்கியைப் பார்த்தாலும் அடித்தவரிடம் கேளுங்கள்: எந்தக் காடு, எந்த மாதம், எந்த விலங்கு? வசந்தத்தின் பச்சைக்கு அடித்தது இலையுதிர்காலப் பழுப்பில் எடுபடாது. மூன்றுக்கும் அவர் சொல்லும் பதில் வண்ணத்திலேயே தெரிந்தால், தாராளமாகப் பாராட்டுங்கள்.